மெல்லிய ஸ்லைடர் ஃபோன் எதை விட்டுக்கொடுத்து மெல்லியதானது?

கோத்தகிரிக்கு அருகிலிருந்து எழுதிய நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தந்தையார் 2007 வாக்கில் வாங்கிப் பயன்படுத்திய சாம்சங் டி900 ஸ்லைடர் ஃபோன், அதாவது மேல்பாதியைத் தள்ளித் திறக்கும் ஃபோன், அலமாரியில் இருக்கிறது. மூடியிருக்கும்போது டிஸ்ப்ளே தெரிகிறது, மேலே தள்ளினால் வெள்ளையாகிவிடுகிறது. அதைச் சரிசெய்து தாயாருக்குக் கொடுக்கலாமா, அவ்வளவு மெல்லியதாகச் செய்ததுதான் பழுதுக்குக் காரணமா, அல்லது நம் மலையின் குளிரும் மூடுபனியுமா என்பவை அவருடைய கேள்விகள். மூன்றாகத் தோன்றினாலும் இவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மெல்லியதாவதற்காக இந்த ஃபோன் எதை விட்டுக்கொடுத்தது? அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தாமாகவே தெளிவாகிவிடும். நான் மின்னணுவியலில் டிப்ளமோ படித்துவிட்டுக் குன்னூரில் பல ஆண்டுகளாக மொபைல் சர்வீஸ் கடை நடத்துகிறேன். இந்த வகை ஃபோன்கள் புழக்கத்தில் இருந்த காலத்தில் அவற்றைத் திறந்து பார்ப்பதே என் அன்றாட வேலையாக இருந்தது. ஆனால் உங்கள் ஃபோன் என் கையில் இல்லை. ஆகவே வடிவமைப்பைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், உங்கள் ஃபோனின் பழுதைப் பற்றிச் சொல்வதை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டோரோலாவின் ரேஸர் வி3 2004-இல் வந்தபோது, மடித்த நிலையில் அதன் தடிமன் 13.9 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் தடிமனைக் குறைப்பதில் இறங்கின. சாம்சங் 2006-இல் டி900-ஐ வெளியிட்டபோது அதற்கு ‘அல்ட்ரா எடிஷன் 12.9’ என்றே பெயர் வைத்தது. அடுத்த ஆண்டு அறிவித்த யு600 ‘அல்ட்ரா எடிஷன் 10.9’ ஆனது. தடிமனையே பெயராகச் சூட்டும் அளவுக்கு அப்போது அந்தப் போட்டி முற்றியிருந்தது. அதே காலத்து எல்ஜி சாக்லேட் 15.2 மில்லிமீட்டர், சோனி எரிக்சன் டபிள்யூ580 14 மில்லிமீட்டர், இருபுறமும் நகரும் நோக்கியா என்95 21 மில்லிமீட்டர். கடையில் இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் டி900-ஐத்தான் வாடிக்கையாளரின் கை முதலில் எடுக்கும். அதன் தோற்றத்தைக் குறைசொல்ல எனக்கு இன்றும் மனம் வராது.

ஆனால் 12.9 மில்லிமீட்டர் என்பது ஒரு சாதாரண ஃபோனுக்கு ஒரு பொருள், ஸ்லைடருக்கு வேறு பொருள். சாதாரண ஃபோனில் முன்சுவர் ஒன்று, பின்சுவர் ஒன்று, இடையில் உள்ளதெல்லாம் கருவிகளுக்கு. ஸ்லைடரிலோ இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சுவர் வேண்டும், இரண்டுக்கும் நடுவே உரசாமல் நகர்வதற்கான இடைவெளி வேண்டும், அந்த நகர்வைத் தாங்கும் எஃகுத் தகடும் வேண்டும். இவை போக எஞ்சிய இடத்தில் மேல்பாதிக்குள் டிஸ்ப்ளேயும் அதன் பின்விளக்கும், காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கரும், அழைப்பு எடுக்கும் விசைகளும் அடங்க வேண்டும். கீழ்பாதிக்குள் எண் விசைகள், போர்டு, பேட்டரி, சிம் தட்டு எல்லாம் அடங்க வேண்டும். இதற்காகப் பேட்டரியைப் பெரிதும் குறைத்திருப்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. டி900-இன் பேட்டரி 800 மில்லிஆம்பியர்-மணி; 21 மில்லிமீட்டர் தடிமனுள்ள என்95-இன் பேட்டரியே 950தான். டி900-இன் 240 × 320 புள்ளி டிஸ்ப்ளே, மூன்று மெகாபிக்சல் கேமரா, மெமரி கார்டு இடம் எதுவும் அந்தக் காலத்துக்குக் குறைந்தவை அல்ல. விலை கொடுத்த இடம் வேறு. மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ், அதாவது நம் கடைகளில் ‘ஸ்ட்ரிப்’ என்று கேட்டு வாங்கும் அந்த மெல்லிய பட்டை, வளைந்து நகர்வதற்குரிய இடம்தான் குறைந்தது.

இந்தப் பட்டையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியின் விடை பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. பாலிஇமைடு என்ற மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் பிளாஸ்டிக் படலத்தின் மேல் மயிரிழை போன்ற செம்புத் தடங்களை ஒட்டி, அவற்றின் மேல் இன்னொரு படலத்தைப் போர்த்திச் செய்வது ஃப்ளெக்ஸ். அதன் ஒரு முனை கீழ்பாதியின் போர்டிலும், மறுமுனை மேல்பாதியிலும் மாட்டியிருக்கும். நடுப்பகுதி பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ‘யு’ எழுத்துப் போல மடிந்திருக்கும். நீங்கள் மேல்பாதியைத் தள்ளும்போது பட்டை இழுபடுவதில்லை. அந்த மடிப்பு உருண்டு இடம் மாறுகிறது. மேல்பாதி நான்கு சென்டிமீட்டர் நகர்ந்தால் மடிப்பு இரண்டு சென்டிமீட்டர் நகரும். ஆகவே, அந்த இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் உள்ள செம்பு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் ஒடிவதைப் போன்றதே இதுவும்.

வளைவு அகலமாக இருந்தால் செம்பின் மீது விழும் திரிபு, அதாவது வளையும்போது அது நீளவும் சுருங்கவும் வேண்டிய அளவு, குறைவு; வளைவின் ஆரத்தைப் பாதியாக்கினால் திரிபு இரட்டிப்பாகும். ஆனால் ஆயுள் பாதியாகக் குறைவதோடு நின்றுவிடாது. அதைவிடப் பல மடங்கு குறையும். திரும்பத் திரும்ப வளைவதால் உலோகம் விரிசல் விடும் ‘உலோகச் சோர்வின்’ இயல்பு அது. ஃபோனை மெல்லியதாக்கும்போது இரண்டு பாதிகளுக்கும் இடையிலுள்ள வெளி சுருங்குகிறது. வெளி சுருங்கினால் மடிப்பின் ஆரமும் சுருங்கியே தீரும். பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. வளைவதற்கென்றே உருட்டிப் பதப்படுத்திய செம்பைப் பயன்படுத்தினார்கள். செம்புத் தடம் பட்டையின் தடிமனில் சரியாக நடுவே வரும்படி அமைத்தார்கள், ஏனெனில் வளையும்போது நடுப்பகுதிதான் குறைவாக நீளவும் சுருங்கவும் செய்யும். அடுக்குகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தால் வளையும் பகுதியில் மட்டும் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் விட்டார்கள். இத்தனை ஏற்பாடுகளால்தான் அந்த ஃபோன்கள் சில ஆண்டுகளாவது உழைத்தன. இருந்தாலும் என் மேஜைக்கு வந்த ஸ்லைடர்களில் பெரும்பான்மையானவற்றின் நோய் இந்தப் பட்டைதான் என்று தயங்காமல் சொல்வேன். கீழே விழுந்து கண்ணாடி உடைந்தவை அதற்கு அடுத்த இடத்தில் இருந்தன.

மேல்பாதி நகரும் தண்டவாளமும் அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. மேல்பாதியைப் பாதித் தூரம் வரை நாம் தள்ளினால் மீதித் தூரத்தை அதுவே ‘டக்’ என்று முடித்துக்கொள்கிறது அல்லவா? பாதி வழி வரை ஸ்பிரிங் அமுங்கி ஆற்றலைச் சேர்க்கிறது. நடுப்புள்ளியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் திசை மாறித் தள்ளுகிறது. மோட்டார் எதுவும் இல்லாமல் இரண்டு முனைகளிலும் ஃபோன் உறுதியாக நிற்பதற்கு இந்த எளிய அமைப்பே காரணம். ஆண்டுக்கணக்கில் தேய்ந்தபின் மேல்பாதி லேசாக ஆடும். பார்க்க அழகில்லையே தவிர, வேலை கெடாது. ஆட்டம் அதிகமாகி இரண்டு பாதிகளும் ஒன்றன் மேல் ஒன்று உரசத் தொடங்கினால்தான் கவனிக்க வேண்டும். அங்கே தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும் எண்ணெய் அது. கோத்தகிரியில் பெரும்பாலான காலைகளில் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாக நிற்பதை, நகர வேண்டிய தடத்தில் விட்டால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூசியையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

வசதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்லைடரின் உண்மையான வசதி, என் பார்வையில், கேமராவோ பாட்டோ அல்ல. திறப்பதும் மூடுவதும் ஒரு கட்டளையாக மாறியதுதான். ஒரு பாதியில் சிறு காந்தமும், மறுபாதியில் அதை உணரும் ஹால் சென்சாரும் இருக்கும். மேலே தள்ளினால் அழைப்பு எடுக்கப்படும், மூடினால் துண்டிக்கப்படும், எண் விசைகள் உள்ளே மறைந்துவிடுவதால் பையில் தவறுதலாக அழுந்தவும் செய்யாது. வயதானவர்களுக்கு இது தொடுதிரையைவிட எளிது என்பது பல வீடுகளில் நான் கண்டது. உங்கள் தாயாருக்கென்று நீங்கள் இதை நினைத்ததில் நியாயம் இருக்கிறது. காந்தப் பொத்தான் வைத்த கைப்பையில் மட்டும் போட வேண்டாம். அந்தக் காந்தம் சென்சாரைக் குழப்பி, திறந்திருக்கும்போதே மூடியதாக நினைக்க வைக்கும். கையுறை போட்ட கையோடு பயன்படுத்துவதற்கும் அழுத்தும் விசைகளே மேல். எல்ஜி சாக்லேட்டில் சிவப்பாக ஒளிரும் தொடுவிசைகள் பார்க்க அழகாக இருந்தாலும், ஈர விரலுக்கும் கம்பளிக் கையுறைக்கும் அவை ஒழுங்காகப் பதில் சொல்லாமல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களை வெகுவாகச் சோதித்தன. டி900-இலும் ஒரு குறை உண்டு: எண் விசைகள் மிகத் தட்டையாக இருப்பதாலும், மேல்பாதியின் விளிம்பு முதல் வரிசைக்கு நெருக்கமாக நிற்பதாலும், பெரிய கட்டைவிரல் உள்ளவர்களுக்கு 1, 2, 3 ஆகிய விசைகளை அழுத்துவது சற்றுச் சிரமம்.

இனி மலைக்கு வருவோம். குளிர் அந்தப் பட்டையை ஒடிக்காது. இதை உறுதியாகச் சொல்லலாம். பாலிஇமைடு உறைநிலைக்கு வெகு கீழேயும் நெகிழ்வை இழக்காத பொருள். விண்கலங்களிலேயே அதைப் பயன்படுத்துகிறார்கள். உறைபனி விழும் ஊட்டியின் சனவரி இரவுகூட அதற்கு ஒரு பொருட்டல்ல. குளிரில் டிஸ்ப்ளேயின் திரவப் படிகம் மந்தமாகிப் படங்கள் மெதுவாக மாறுவதும், பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்வதும் உண்டு. இரண்டுமே ஃபோன் சூடானதும் சரியாகிவிடும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் ஃபோனைச் சார்ஜில் போடுவது மட்டுமே பேட்டரிக்கு நிரந்தரக் கேடு.

ஈரம் வேறு கதை. ஸ்லைடரின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி எந்த அடைப்பும் இல்லாத திறந்த வழி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் நாள்கணக்கில் மூடுபனி இறங்கி நிற்கும்போது வெளியே குளிர்ந்த ஃபோனை, அடுப்பெரியும் சமையலறைக்குள் கொண்டுவந்தால், காற்றிலுள்ள நீராவி அதன் உலோகப் பாகங்களின் மேல் நீராகப் படியும். கனெக்டர் முனைகளில் பச்சை பூப்பதும், எண் விசைகளுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் சிறு உலோகக் குமிழ்களான டோம்கள் கறுத்துப் பாதி விசைகள் வேலை செய்யாமல் போவதும் இப்படித்தான். ஏற்கெனவே விரிசல் விட்ட பட்டைக்குள் ஈரம் புகுந்தால் செம்பு விரைவில் அரிக்கப்படும். ஆகவே உங்கள் ஃபோனில் ஈரம் முதற்காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதும், இத்தனை ஆண்டுகள் அலமாரியில் இருந்தபோது பழுதை அது வளர்த்திருக்கலாம் என்பதும் என் ஊகம். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நம் ஊர் மழைக்காலத்தில் அரிசியே ஈரம் பிடித்துத்தான் கிடக்கிறது.

சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் அளவுள்ள ஃபோனில் உள்ளிருக்கும் சிறிய ஆன்டெனா மட்டும் தனியே வேலை செய்வதில்லை, போர்டின் உலோகத் தளம் முழுவதும் அதனோடு சேர்ந்தே அலையை வாங்குகிறது. ஸ்லைடரைத் திறந்தால் அந்தத் தளத்தின் நீளம் மாறுகிறது. அதனால், பள்ளத்தாக்கின் மறைவில் சிக்னல் நூலிழையில் தொங்கும் வீடுகளில், மூடியிருக்கும்போது ஒன்றாகவும் திறக்கும்போது வேறாகவும் கோடுகள் தெரிவது இயல்பே. அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். எந்த நிலை நன்றாக எடுக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

இப்போது உங்கள் ஃபோன். மூடும்போது தெரிந்து, திறக்கும்போது வெள்ளையாகும் டிஸ்ப்ளே என்பது பட்டை பழுதுக்கான மிகத் தெளிவான அடையாளம். டிஸ்ப்ளேயே கெட்டிருந்தால் மூடினாலும் திறந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விளக்கு எரிவதால்தான் வெள்ளை தெரிகிறது. படத்துக்குரிய தடங்கள் மட்டும் விலகுகின்றன. இன்னும் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை உண்டு. டிஸ்ப்ளேக்குக் கீழே மேல்பாதியில் இருக்கும் விசைகளும், காது ஸ்பீக்கரும் இதே பட்டை வழியாகத்தான் இணைகின்றன. திறந்த நிலையில் வேறொரு ஃபோனிலிருந்து இதற்கு அழைத்துப் பாருங்கள். மணி அடித்து, எடுத்தபின் காதில் குரல் கேட்காமல் இருந்தாலோ, மேல் விசைகளும் சேர்ந்து செயலிழந்தாலோ, பட்டைதான். குரலும் விசைகளும் சரியாக இருந்து படம் மட்டும் போனால், பட்டையின் ஒரு சில தடங்கள் மட்டும் அறுந்திருக்கலாம், அல்லது டிஸ்ப்ளேயின் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். அதைத் திறந்துதான் சொல்ல முடியும். மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு தெரிந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது, அது வேறு செலவு. பாதி திறந்த நிலையில் எங்கே படம் திரும்புகிறது என்று பார்ப்பதற்காக மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்காதீர்கள். மிச்சமிருக்கும் தடங்களும் அறுந்துவிடும்.

சோதிப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிச் சமதளமான மேஜையில் வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். பம்பரமாகச் சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. அதை இனி சார்ஜில் போடவே கூடாது. சுற்றாவிட்டாலும், இத்தனை ஆண்டுகள் கிடந்த பேட்டரி அடியோடு இறங்கியிருக்கும். அப்படிப்பட்டதை நேரடியாக மின்னழுத்தம் கொடுத்து ‘பூஸ்ட்’ செய்து எழுப்பித் தருவதாகச் சில கடைகளில் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மீறி இறங்கிய லித்தியம் பேட்டரிக்குள் செம்பு கரைந்து வேண்டாத இடத்தில் படிந்திருக்கும். பின்னர் அது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். புதிதாக ஒன்று வாங்குங்கள், கிடைத்தால்.

கிடைத்தால் என்பதைப் பட்டைக்கும் சேர்த்தே சொல்கிறேன். கோத்தகிரி, குன்னூர் கடைகளில் கையிருப்பு இருக்காது. கோவைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். வருவது பெரும்பாலும் நகலாக இருக்கும். நகல் பட்டைகள் தொட்டாலே விறைப்பாக இருக்கும். அசலின் நடுப்பகுதி விரலில் துவண்டு விழும். விறைப்பானதைப் போட்டால் சில மாதங்களில் இதே வெள்ளைத் திரை மறுபடியும் வரும் என்பது என் அனுபவம். பழைய ஃபோன் ஒன்றிலிருந்து கழற்றிய அசல் பட்டை கிடைத்தால், புதிய நகலைவிட அதையே நான் விரும்புவேன். அறுந்த தடத்தைச் சால்டர் வைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்; வளையும் இடத்தில் சால்டர் நிற்காது.

அடுத்து நெட்வொர்க். டி900 2ஜி மட்டுமே அறிந்த ஃபோன். 3ஜி, 4ஜி எதுவும் அதில் இல்லை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, ஆகவே அந்த சிம் இதில் வேலை செய்யாது. மற்ற நிறுவனங்களின் 2ஜி உங்கள் வீட்டில் எடுக்கிறதா என்பதை, செலவு செய்வதற்கு முன்பே, அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும் சாதாரண பட்டன் ஃபோனில் அந்த சிம்மைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டன் ஃபோன் 4ஜி வகையாக இருந்தால் 2ஜி மட்டும் என்று அமைத்துச் சோதியுங்கள். இப்போதைய சிறிய நானோ சிம்மைப் பெரிய இடத்தில் பொருத்த அடாப்டர் வேண்டியிருக்கும். மெல்லிய ஃபோன்களின் சிம் தட்டு இடுக்கமானது, அடாப்டரின் விளிம்பு உள்ளே இருக்கும் ஊசிகளில் மாட்டி அவற்றைப் பிய்த்துவிடும். சிம்மை அடாப்டரோடு மெல்லிய டேப்பால் ஒட்டிப் போட்டால் அந்த ஆபத்து குறையும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், என் கருத்து இதுதான். தந்தையார் நினைவாக அந்த ஃபோனை உயிர்ப்பித்து வைத்திருக்க விரும்பினால் பழுது பார்க்கலாம்; பட்டையும் பேட்டரியும் மாற்றினால் ஓடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தாயார் தனியாக இருக்கும் வீட்டில், அவசரத்துக்கு நம்பியிருக்கும் ஒரே ஃபோனாக அதைக் கொடுக்க நான் சொல்லமாட்டேன். அதற்கு 4ஜி பட்டன் ஃபோன் ஒன்று போதும். தள்ளித் திறக்கும் அமைப்பே வேண்டுமென்றால் 2018-இல் வந்த நோக்கியா 8110 4ஜி பழைய சந்தையில் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அதில் நகர்வது விசைகளை மூடும் மூடி மட்டுமே, டிஸ்ப்ளே இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே டிஸ்ப்ளேயின் தடங்கள் வளைய வேண்டிய தேவையே இல்லை. அதே ஆண்டில் ஷாவ்மி மி மிக்ஸ் 3 போன்ற பெரிய தொடுதிரை ஸ்லைடர்களும் வந்தன; முன்கேமராவை மறைப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை, எண் விசை இல்லாததால் உங்கள் தேவைக்குப் பொருந்தாது.

கேள்வியின் கடைசியில், தந்தையார் எடுத்த படங்கள் அதில் இருக்கலாம் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் மெமரி கார்டை வெளியே எடுத்துக் கம்ப்யூட்டரில் நகலெடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபோனின் உள் நினைவகத்தில் இருப்பவை கீழ்பாதியின் போர்டில் இருக்கின்றன, பட்டை மாற்றுவதால் அவை அழியாது. சாஃப்ட்வேர் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் தடுத்துவிடுங்கள். அதைப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், உங்கள் ஃபோனின் பழுதுக்கு அது தேவையும் இல்லை.